முதல் தலைவர் எழுந்து நின்ற இடம்

கும்பகோணம்
18-5-1970

அன்புள்ள தம்பி வீரையனுக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் அம்சத்தின் நலமும் அறிய ஆவல். ஹலீமாவுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. என் நாடகம் உங்கள் ஊர்க் களத்தில் நடக்கும்போது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அதனால் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஜவுளிக்கடையைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அப்துல் வஹாப்தான் வந்து கதை கதையாகச் சொன்னான். புதிதாகப் பிறந்த நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்த தலைவர்கள் கொடியின் நிறத்துக்கும் நடு நாற்காலிக்கும் அடித்துக்கொள்ளும் காட்சியில் சனம் வயிறு வலிக்கச் சிரித்ததாம். அது நான் எழுதியது. நான் எழுதாத ஒன்றை நீ சேர்த்தாயாமே!

முதல் தலைவர் வேஷத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, "இன்று முதல் இந்த நாட்டில் யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டியதில்லை" என்று முழங்குகிறாய். அந்த நேரம் பார்த்து மிராசுதார் இராஜாங்கம் பந்தலுக்குள் நுழைகிறார். நீ சட்டென்று எழுந்து, தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாய். விசில் நிற்க ஐந்து நிமிஷம் ஆனதாம். அடப்பாவி, இது எனக்குத் தோன்றவில்லையே! ஜூன் 19 தஞ்சாவூர் நாடகப் போட்டிக்கு அதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். இந்தத் தடவை பரிசு நமக்குத்தான்.

உன் அண்ணன்,
ஜெக்கரியா

---

நடுப்படுகை, நீடாமங்கலம் வழி
27-5-1970

அன்புள்ள அண்ணனுக்கு வீரையன் வணக்கத்துடன் எழுதுவது.

பெண் பிறந்த சேதி கேட்டு அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பதில் எழுத ஒன்பது நாள் ஆனதற்கும் அதுதான் காரணம்.

அண்ணே, நான் நடிக்கவில்லை.

மிராசுதார் வந்தது முதலில் என் கண்ணில்கூடப் படவில்லை. சனம் விலகி வழிவிட்ட விதத்திலேயே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. எழுந்த பிறகுதான் எழுந்ததே தெரியும். முதுகு வளைந்திருந்தது, துண்டு அக்குளில் இருந்தது. என் அப்பா வரப்பில் நிற்பது அப்படித்தான். கூலி உயர்வுக்காக மூன்று வருஷம் கொடி பிடித்தவன் நான், ஒருமுறை லாக்கப்பிலும் இருந்துவிட்டு வந்தேன். அதெல்லாம் என் முழங்காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். மிராசுதாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அம்சம் சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நீங்க நடிக்கலன்னு எனக்குத் தெரியும்."

அதை எடுத்துவிடுங்கள். வெட்கமாக இருக்கிறது.

தங்கள் தம்பி,
வீரையன்

---

கும்பகோணம்
2-6-1970

அன்புள்ள வீரையனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விளையாட்டாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஆனாலும் கொஞ்சம் பொறுமையாகக் கேள். அந்த நாடகம் முழுக்க நான் கடையில் துணி கிழித்துக்கொண்டே யோசித்தது. கேலி இருந்தது, உயிர் இல்லை. நீ எழுந்து நின்ற அந்த ஒரு நொடியில்தான் அது உண்மையானது. உனக்கு நேர்ந்தது உனக்கு மட்டுமா நேர்கிறது? அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? தானாக வந்ததை அடுத்த முறை நீ தெரிந்தே செய்தால் அது கலை. அதில் வெட்கம் எங்கிருந்து வந்தது?

கூட நடிக்கும் முருகையனை மிராசுதாராக நடக்கவிட்டு ஒத்திகை பார். இத்துடன் அகலச் சரிகை போட்ட துண்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அக்குளில் இடுக்கும்போது கடைசி வரிசைக்கும் தெரியும். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ இல்லாமல் இந்த நாடகம் இல்லை.

அன்புடன்,
ஜெக்கரியா

---

நடுப்படுகை
23-6-1970

அன்புள்ள அண்ணனுக்கு,

தஞ்சாவூரில் நாடகமே நடக்கவில்லை, எப்படியும் நான் வந்துவிடுவேன் என்று கடைசி பஸ் வரை நீங்கள் வாசலில் காத்திருந்தீர்கள் என்று முருகையன் வந்து சொன்னான். நான் அன்று காலையில் அவனிடம் சொல்லியனுப்பியது உங்களுக்கு மாலையில்தான் கிடைத்ததாம். முன்கூட்டியே எழுதாதது என் தப்பு. எத்தனை கோபப்பட்டாலும் நியாயம்.

நீங்கள் சொன்னபடி ஒத்திகை பார்த்தேன். முருகையன் நுழைவான், நான் எழுவேன். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாகிவிட்டது. நாலாம் நாள் மதகடியில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் மிராசுதாரின் ஜீப் சும்மா போனது. முன்னைவிட வேகமாக எழுந்துவிட்டேன்.

எழுந்து நிற்க எனக்கு ஒத்திகை வேண்டாம் அண்ணே. உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் அம்சம்தான் மிராசுதார் வேஷம் கட்டினாள். எங்கள் வீட்டில் நாற்காலி ஏது? மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதில் நான் உட்காருவேன். அவள் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நுழைவாள். முதல் நாள் அவளுக்கே எழுந்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அழுதாள். "மறுபடியும் வர்றேன், உட்காருங்க" என்றாள்.

நடவுக் கூலிப் பேச்சைத் தாசில்தார் ஆபீசில் போட்டி நாளான 19-ஆம் தேதிதான் வைத்தார்கள். எங்கள் பக்கம் நானும் நல்லக்கண்ணு பெரியப்பாவும் இன்னும் மூன்று பேரும் பெஞ்சில் இருந்தோம். மிராசுதார் உள்ளே வந்தார். நாலு பேரும் எழுந்தார்கள். நான் பெஞ்சின் அடிப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உங்கள் வசனத்தை வாய்க்குள்ளேயே சொன்னேன். துண்டு தோளிலேயே இருந்தது. தாசில்தார் என்னைப் பார்த்தார், மிராசுதார் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்ட கூலியில் பாதிதான் ஏறியது. யாரும் கைதட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய துண்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் நாடகத்தில் குற்றமில்லை அண்ணே. அந்த வேஷத்தை இனி நீங்களே கட்டுங்கள். எழுந்து நிற்பது உங்களுக்கு நடிப்பாக இருக்கும்.

கோபம் தணிந்ததும் அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வாசலில் தலை காட்டியதும் நான் எழுந்து நிற்பேன். அதை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
வீரையன்