இரவல் நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்
வீட்டுக்காரர் இன்று மாடியேறி வந்தே சொல்லிவிட்டார். மூன்று மாத வாடகை பாக்கி. ஏப்ரல் முப்பதுக்குள் தீர்க்காவிட்டால் காலி செய்ய வேண்டும். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு தம்பி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியதே நான்தான். இருபது வருடம் ஊரார் வீட்டிலெல்லாம் முட்டி போட்டு ஒட்டி, முட்டியே போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். இன்னும் மடக்க முடியவில்லை.

மார்ச் 6
வாடகைக்கு உதவி செய்யும் ஆபீஸ். டோக்கனுக்கு ஒரு ஜன்னல், மனுவுக்கு ஒரு ஜன்னல், அது தப்பான மனு என்று சொல்ல இன்னொரு ஜன்னல். மூன்று மணி நேரம் நின்றேன். அங்கே தரையில் நாலு டைல்ஸுக்கு அடியில் கலவையே இல்லை, மிதித்தால் டொக் டொக்கென்கிறது. எவன் ஒட்டினானோ!

மார்ச் 17
வீட்டைப் பார்க்க நாளை ஆபீஸ் மேடம் வருகிறார். என் மனைவி காலையிலிருந்து துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அடுத்த வீட்டு அக்காவிடம் இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை இரவல். ஃப்ரிட்ஜை விற்ற இடம் வெறிச்சென்று தெரியக் கூடாதாம்.

"நாம கஷ்டப்படுறதைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

"அதுக்காக வர்றவங்க தரையிலயா உக்காரணும்?"

மார்ச் 18
மேடம் வந்தார். டீ குடித்தார். கேட்டார், எழுதினார், போனார். கால் மணி நேரம்.

ஏப்ரல் 2
மனு நிராகரிப்பு.

வாய்க்கு வந்தபடி இவளை ஏசினேன். "மகாராணி வீடுன்னு நெனச்சுட்டுப் போயிருப்பாங்க! இனிமே நடுத்தெருவுல நாற்காலியப் போட்டு உக்காரு!" மகள் ஸ்கூல் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

ஏப்ரல் 3
காரணம் கேட்கப் போனேன். ஜன்னல்காரர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். நாற்காலி பற்றி ஒரு வரி இல்லை. திரைச்சீலை பற்றியும் இல்லை. மேடம் எழுதியிருந்தது: 'நிலைமையைச் சமாளித்துக்கொள்வதாக மனுதாரர் கூறினார்.'

சொன்னேனா? சொன்னேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். "பரவாயில்ல மேடம், எப்படியோ சமாளிச்சுக்குவோம்." தானாக வந்துவிட்டது. யார் கேட்டாலும் இதைத்தானே சொல்கிறேன் — டாக்டரிடம், மேஸ்திரியிடம். சே! டைல்ஸ் பசையை எடுத்து என் வாயில் அப்பியிருக்க வேண்டும்.

மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். இவளிடம் சொல்ல முகமில்லை.

ஏப்ரல் 4
சொல்லிவிட்டேன். முறைத்தாள். அப்புறம், "மகாராணி மன்னிச்சுட்டா, போ" என்றாள்.

ஏப்ரல் 15
அதே மேடம். இந்த முறை எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம், நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு. "இப்ப எப்படி இருக்கு?" என்றார். அந்தப் பாழாய்ப்போன வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியல மேடம். முட்டி மடங்கல, வேலைக்குப் போக முடியல. இந்த வீடும் போயிட்டா எங்க போறதுன்னே தெரியல."

மகள் முன்னால் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மேடம் எழுதினார், நிறைய எழுதினார்.

ஏப்ரல் 28
பாக்கி முழுவதையும் ஆபீஸிலிருந்தே வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டார்கள். இன்னும் இரண்டு மாத வாடகையும் தருவார்களாம்.

சாயங்காலம் தண்ணீர் கேனோடு படிக்கட்டில் நின்றிருந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தூக்கிருவீங்களா?" என்றார்.

"முடியலைங்க" என்றேன்.

கேனை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார்.