கப்பலுக்கு முந்தின பாடங்கள்

செயாமா,

இன்று காலை வகுப்பறை ஜன்னலைத் துடைக்கப் போனபோது உன் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. ரங்கூன் பன்சொடான் படகுத்துறையில் நீ குனிந்து மொண்டு வந்த ஆற்றுத் தண்ணீர். மேலே தெளிந்து கிடந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். அதுவரை கடைசியாக அதைக் குலுக்கியவள் நீதான். அதற்குப் பிறகு படிந்த வண்டல் அது. கலைக்க மனம் வராமல் சுற்றிலும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

‘செயாமா’ என்று டீச்சரை பர்மாக்காரர்கள் அழைப்பதுபோலத்தான் பிள்ளைகள் நம் இருவரையும் அழைத்தார்கள். நாமும் கேலியாக ஒருவரையொருவர் அப்படியே அழைக்க ஆரம்பித்து, கடைசியில் அதுவே பெயராக நின்றுவிட்டது. இப்போது என்னை அப்படிக் கூப்பிட உன் வயதில் ஆள் இல்லை.

அந்தக் கார்த்திகை ஞாயிறு நினைவிருக்கிறதா? பபேடானில் துணிக்கடைக்கு மேலே இதே அறை. தமிழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த புத்தகத்தை வைத்து நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். “ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே சுள்ளென்று வெயில். எதிர்மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ரங்கூனில் மழை ஓய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. திடீரென்று நீ நிறுத்தி, “சரி, மழை எங்க பெய்யுது, காட்டுங்க” என்றாய். ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் புத்தகத்தில் வரைந்திருந்த மழையின் மேல் விரலை வைத்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன். உனக்கு முகம் சுண்டிப்போனது. “சிரிக்காதடி. இதுங்க நனைஞ்ச மழை வேற, படிக்கிற மழை வேறன்னு ஆக்கிட்டோம்” என்றாய்.

மறுவாரம் பழைய காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். இந்தப் பிள்ளைகள் கடைசியில் எதைத் தெரிந்துகொண்டு இந்த அறையை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டாய். எழுத்து என்றேன். “எழுத்து சரி, எதைப் படிக்க எழுத்து?” என்று மடக்கினாய். பிறகு நீயே சொன்னாய்: நம் கொள்ளுத்தாத்தாக்கள் ஏன் இந்த ஊருக்குக் கப்பல் ஏறினார்கள் என்பது தெரிய வேண்டும். அங்கிருந்து பின்னால் நடந்தாய். ஒவ்வொரு தாளிலும் அதே கேள்விதான்: “இதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சிருக்கணும்?” கப்பல் வந்தது அரிசி ஏற்ற, தாத்தாக்கள் வந்தது அந்த அரிசி வேலைக்கு; அப்படியென்றால் முதலில் நெல். நெல் விளைந்தது வண்டலில்; வண்டலைக் கொண்டுவந்தது ஆறு; ஆற்றை நிரப்பியது மழை. கப்பலில் தொடங்கிய திட்டம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது.

நான் சண்டை போட்டேன். ஆறு வயதுக்கு வண்டல் எதற்கு, நாலு பாட்டு, இரண்டு கதை போதாதா என்றேன். வீட்டிலேயே பர்மி பேசும் பிள்ளைகள், தமிழில் இதெல்லாம் தலையில் ஏறாது என்றேன். அடுத்த வகுப்பில் நீ பாட்டிலைக் குலுக்கி மேசை மேல் வைத்தாய். கலங்கியது தெளியும்வரை அத்தனை வாண்டுகளும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். பிறகு பார்த்ததையெல்லாம் பர்மியில் கொட்டித் தீர்த்தார்கள். நீ தடுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், “அதுக்குத் தமிழ்ல வண்டல்” என்றாய். அந்தச் சொல்லை யாரும் மறக்கவில்லை. அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மழை, ஆறு, வண்டல் என்று ஒரு வருஷம் போனது. நெல்லில் அடுத்த வருஷம் பாதி போனது. சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வெயிலில் நீ படுத்தாய், எழுந்திருக்கவில்லை. கப்பல் பாடம் நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில்கூட நீ அதைப் பற்றித்தான் பேசினாய். “நீ ஒப்பேத்திடுவ” என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது; உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

போன வாரம் நம் வகுப்பை நடத்தும் கமிட்டியின் தலைவர் வந்தார். நல்ல மனுஷர்தான். “ஆத்துச் சேறெல்லாம் எதுக்கு செயாமா? பொங்கல் விழாவுல பிள்ளைங்க மேடையேறிப் பாடினா, பெத்தவங்க சந்தோஷமா அனுப்புவாங்க. இருக்கிற பிள்ளைங்களும் போயிட்டா வகுப்ப மூட வேண்டியதுதான்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊரை விட்டுப் போகும் குடும்பங்களை நானும் பார்க்கிறேன். இந்த வருஷம் பாட்டும் எழுத்தும் மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இன்று முதல் வகுப்பு. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். வெளியே ஆனி மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷத்துப் பெண் ஒருத்தி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசியவள், நேரே ஜன்னலுக்குப் போய் பாட்டிலை எடுத்துக் குலுக்கிவிட்டாள். எனக்கு உயிரே போனது. அவளோ புதுப் பிள்ளைகளைப் பார்த்து, “சத்தம் போடாம பாரு, வண்டல் கீழ போகும்” என்றாள், நீ சொல்வதுபோலவே. பிறகு என்னிடம் திரும்பி, “செயாமா, கப்பல் எப்ப வரும்?” என்று கேட்டாள்.

பாட்டுப் புத்தகத்தை மூடினேன்.

“கப்பலுக்கு முன்னாடி என்ன?” என்றேன்.

“நெல்லு!”

“அதுக்கு முன்னாடி?”

“வண்டல்! ஆறு!”

“அதுக்கும் முன்னாடி?”

பழைய பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்துப் புதுப் பிள்ளைகளும் திரும்பினார்கள். “மழை!” என்றார்கள். நேற்றுவரை தமிழே பேசாத ஒரு குட்டி “மோ!” என்று பர்மியில் கத்தியது. கையில் இருந்த புத்தகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை, செயாமா.

தலைவர் அடுத்த ஞாயிறு வருவார். அவரையும் பிள்ளைகளோடு உட்காரவைத்து பாட்டிலைக் குலுக்கப் போகிறேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் எதைச் சொல்லித்தர உட்கார்ந்தாலும் உன் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து உட்காருகிறது. கப்பலுக்கு முன்னால் என்னவென்று இப்போது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். கப்பலை நான் கொண்டுவந்து சேர்க்கிறேன்.