வலிப்பு எனக்கு, ஆலோசனை அப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் மருத்துவரும் அப்படித்தான் சொல்கிறார் என்று சேர்த்துக்கொள்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறாயாம், மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப்போகிறாயாம். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய், உன் அப்பா போனைப் பிடுங்குவார், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம். இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

நான் வகுப்பில் விழுந்தது, மருத்துவர் அதற்கு வலிப்பு நோய் என்று பெயர் சொன்னது, பிறகு ஒருமுறை சமையலறையில் விழுந்தது, மாத்திரையின் அளவைக் கூட்டியது எல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஆட்சி மாற்றம் உனக்குத் தெரியாது. உன் அப்பா பாதுகாப்பு அதிகாரியாக இருப்பது இத்தனை வருஷமும் அந்தத் தொழிற்சாலையின் கஷ்டமாக மட்டும் இருந்தது. இப்போது நான்தான் தொழிற்சாலை. முதலில் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அதுகூட நியாயம்தான், மருத்துவரே சொன்னார். ஆனால் உள்ளே இருக்கும்போது நான் தொடர்ந்து சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார். பாடு என்றார். கல்யாணத்தன்றுகூடப் பாடாதவள் நான். கடைசியில் வாய்ப்பாடு சொல்வது என்று முடிவாயிற்று. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், சோப்பும் கையுமாக நின்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தயங்கினால் கதவு தட்டப்படும், "என்னாச்சு, ஏன் நின்னுடுச்சு?" என்று குரல் வரும். யோசிக்கிறேன் என்றால், "தெரிஞ்ச வாய்ப்பாடா சொல்லு, ரெண்டாவது சொல்லு" என்பார். உன் அத்தை தன் பங்குக்கு மேஜை முனை, கட்டில் முனை, அலமாரி முனை எல்லாவற்றிலும் பழைய தலையணைப் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டாள். வீடே கப்பலில் அனுப்பக் கட்டிவைத்த பார்சல் மாதிரி இருந்தது. கத்தியெல்லாம் அவள் வீட்டில். காய் நறுக்க வேண்டுமென்றால் நான் இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும், "எதுக்கு அண்ணி உங்களுக்கு அலைச்சல், சொன்னா நானே வந்திருக்க மாட்டேனா?" என்று அவளே கேட்பாள்.

இதற்கு மேல்தான் ஒத்திகை. தொழிற்சாலையில் மாதாமாதம் தீ விபத்து ஒத்திகை நடத்துவார் அல்லவா, அதே மாதிரி நான் விழுந்தால் யார் என்ன செய்வது என்று வீட்டில் ஒன்று. என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பேனாம். நானாக நடித்தது உன் அத்தை. அவள் கூடத்துத் தரையில் விழுந்து கிடக்க, உன் அப்பா தெருமுனைக் கடையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் ஓடி வர முடிகிறது என்று பார்ப்பது திட்டம். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து நான் வந்தேன். அத்தை கண்ணை மூடிக் கிடக்கிறாள், கூப்பிட்டேன், உலுக்கினேன், அசையவில்லை. பக்கவாதம் என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். "அண்ணன் வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதேன்னு சொல்லியிருந்தார் அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?" என்று பிறகு சொன்னாள். உன் அப்பா கழுத்தில் விசில் தொங்க ஓடிவந்து, வாசலில் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, மூச்சு வாங்கச் சோபாவில் விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து பார்த்தால் தரையில் கிடந்தவள் எழுந்து சேலையைச் சரிசெய்கிறாள், சோபாவில் ஒருவர் மூச்சுத் திணறுகிறார், உண்மையான நோயாளியான நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "இதுல யாருங்க பேஷண்ட்?" என்றார் ஒருவர். மூன்று பேருமே அடுத்தவரைக் காட்டினோம். ரத்த அழுத்தம் பார்த்ததில் உன் அப்பாவுக்குத்தான் எகிறியிருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், கூட வருபவர் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்து போனேன்.

என் நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கீழ்த் தளத்தில் ஓர் ஆலோசகர் இருக்கிறார், நரம்பு நோயோடு வாழ்பவர்களுக்கென்றே இருப்பவர், போய்ப் பேசுங்கள் என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். பேசிப் பேசி நரம்பு சரியாகுமென்றால் உன் அத்தை வீட்டில் யாருக்கும் தலைவலியே வரக்கூடாது. எந்த ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள், எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்பதாகத்தான் போனேன். கேட்க விட்டால்தானே? ஆலோசகர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உன் அப்பாதான் பதில் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்றால், "நல்லாருக்காங்க மேடம்." பயமாக இருக்கிறதா என்றால், "பயமெல்லாம் இல்ல, எல்லா ஏற்பாடும் பண்ணிட்டோம்." பஞ்சு, விசில், வாய்ப்பாடு எல்லாவற்றையும் மேலதிகாரிக்கு அறிக்கை வாசிப்பது போல வாசித்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க சார், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். உன் அப்பா முதலில் என்னைப் பற்றியே ஆரம்பித்தார். பிறகுதான் சொன்னார். நான் சமையலறையில் விழுந்த அன்று அவர் பக்கத்தில்தான் இருந்தாராம். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, அமுக்கிப் பிடிக்காதே என்று ஊருக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர், ஒன்றும் செய்யத் தோன்றாமல் நின்றாராம். "வேடிக்கை பாக்கிறவன் மாதிரி நின்னேன் மேடம். அதுவா நின்னுச்சு, அவளா எழுந்தா. கையில கரண்டியைக்கூடக் கீழே வைக்கல நான்." இத்தனை நாளில் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அழுதார் பாப்பா. என் கைப்பையில் கைக்குட்டை தேடினேன், அது கிடைக்கவே மாட்டேன் என்றது. வெளியே வந்தபோது அடுத்த சந்திப்புக்கான சீட்டைப் பார்த்தேன், அவர் பெயர் போட்டிருந்தது.

ஆக, வலிப்பு எனக்கு, ஆலோசனை அவருக்கு. வாராவாரம் அவர் உள்ளே இருக்கும்போது நான் வராந்தாவில் காத்திருக்கிறேன். அங்கே கை நடுங்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வருவார்கள். "எனக்குக் கைதான் ஆடுது, இவளுக்கு வாயி" என்பார் அவர். "ஆடாம? பாதி டீயைச் சட்டைக்கு ஊத்திட்டு இன்னும் சூடா குடுன்னா?" என்பார் அந்தம்மா. இருவரும் சேர்ந்துதான் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிடுகிறேன். ஒருநாள் ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மாத்திரை, பரிசோதனை பற்றி யார் யாரோ கேட்டார்கள், இதை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாய்ப்பாடு சொல்லாமல் குளிக்க வேண்டும், வகுப்புக்குத் தனியாகப் போக வேண்டும் என்றேன். உன் அப்பாவையும் வைத்துக்கொண்டு பேரம் பேசி முடித்தார். தாழ்ப்பாள் கிடையாது, ஆனால் கதவில் ஆள் இருப்பதாக அட்டை தொங்கும். உன் அப்பா ஒருமுறை கூப்பிடலாம், நான் ஒருமுறை பதில் சொல்வேன். வகுப்பைப் பொறுத்தவரை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார் ஆலோசகர். எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டு விஷயம் எதையும் வகுப்பில் பேசியவள் இல்லை நான். ஆனாலும் ஒரு பாடம் நடத்துவது போல நடத்திவிட்டேன். சந்தேகம் இருக்கிறதா என்றதற்குப் பின் வரிசையிலிருந்து ஒருவன், "டெஸ்ட் அன்னிக்கு வந்தா டெஸ்ட் கேன்சலா மேடம்?" என்றான்.

போன வாரம் வகுப்பிலேயே வந்தது. பயப்படாதே, முடிந்துபோன விஷயம். கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன், தலைக்கடியில் யாருடைய பையோ இருந்தது, மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார்கள், ஒரு பெண் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரமே நின்னுடுச்சு மேடம், எழுந்திருக்காதீங்க" என்று நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே சொன்னாள். கல்லூரியிலிருந்து போன் போய் உன் அப்பா வந்தார். விசில் ஊதப்போகிறார், இன்றோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "வீட்டுக்குப் போலாமா, கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கணுமா? நீயே சொல்லு" என்றார். நீயே சொல்லு என்று அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு நானே பேருந்தில் வந்துகொள்வேன் என்றேன். சரி என்றார். காரில் வரும்போது, "இந்தத் தடவை நான் நிக்கல, பாத்தியா, உக்காந்துட்டேன்" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

இதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். நீ இப்போது வேலையை விட்டு வந்தால் எனக்கு மகள் கிடைக்கமாட்டாள், இன்னொரு பாதுகாப்பு அதிகாரிதான் கிடைப்பாள். உன் அப்பா கஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்த கதவைச் சுற்றி நீங்கள் இருவரும் சேர்ந்து மறுபடியும் நிற்பீர்கள். பொதுவாக உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, எனக்காக இதைக் கேட்கிறேன்: ராஜினாமா கொடுக்காதே. விடுமுறை கிடைக்கும்போது வா, தூங்கு, சண்டை போடு, போ. பேச்சால் நரம்பு சரியாகாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் பயத்துக்கு மாத்திரை இல்லை. உனக்கும் அது இருக்கிறது என்று உன் செய்தியிலேயே தெரிந்தது. அங்கேயும் யாராவது ஆலோசகர் இருப்பார், போய்ப் பேசிப் பார். இதை உன் அம்மாவே சொல்கிறாள் என்று உன் தோழிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொள்.

நீ நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாதான் போனை எடுப்பார். எடுத்ததும் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்காதே. நீங்க எப்படி இருக்கீங்கப்பா என்று கேள். அவர் உடனே என்னைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பிப்பார். விடாதே, இன்னொரு முறை கேள்.

அன்புடன்,
உன் அம்மா