காப்பி வட்டம் விழாத பலகை

1936, தை 12, சனிக்கிழமை

படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை, எழுந்து எழுதுகிறேன்.

நானே செய்யப்போகும் காப்பி மேசைக்கு மரம் பார்க்க மனைவியோடு மரக்கடைக்குப் போனேன். அவள் தூக்குப்போசியில் கொதிக்கும் காப்பியும் கொண்டுவந்தாள். கறை விழுகிறதா என்று பார்க்கப் பலகைக்குப் பலகை காப்பித் தம்ளரை வைத்து எடுத்தாள். மாமரம், வேம்பு, தேக்கு, எல்லாவற்றிலும் கறை வட்டம் விழுந்தது. எனக்கு மானமே போயிற்று. சிரித்த கடைக்காரருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். குடித்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த வாகைப் பலகையிலேயே வைத்தார். வருஷக்கணக்கில் அவர் உட்கார்ந்து வழவழப்பேறிய பலகை. அவள் தம்ளரை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். வட்டமே இல்லை!

“ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க” என்றாள்.

எழுந்தே விட்டார். பலகையை வண்டியில் ஏற்றும்போது, “மேசை ஆனதும் காப்பி குடிக்க வாரனுங்க அம்மணி” என்றார்.

“வாங்க. ஆனா பழக்கதோசத்துல அது மேல உக்காந்துபோடாதீங்க!”