ஒன்பது வெற்றுப் படிவங்கள்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கடும் பனி. மோட்டார் இரண்டு முறை ஓடியும் மேல்தொட்டி நிரம்பவில்லை. வால்வு பார்க்க வேண்டும்.

மாலையில் அக்கா மகள் நிவேதா (இனி நி.) மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கல்லூரிப் பாடத்துக்காக ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். பாட்டுக்கு மெட்டுப் போட்டது அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன். எடுக்கும் முன் எழுத்தில் திட்டம் தர வேண்டும். அவள் தந்தது திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் ஆசிரியர் குறிப்பு: உணர்ச்சி உண்டு; யார், எங்கே, எப்போது என்பது இல்லை. வெள்ளிக்குள் திருத்தித் தராவிட்டால் சொந்தப் படம் கிடையாது. வேறொரு குழுவில் விளக்குப் பிடிக்க வேண்டியதுதான்.

"நீங்க பெட்டிஷன் எழுதறவரு மாமா. ஒரு தடவ பாத்துக் குடுங்க."

முதுகு வலி. வாங்கி வைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கிருஷ்ணகிரி. தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் முன் மஞ்சுளா வழக்கு, நான் நடத்துவது. நிர்வாகத் தரப்பு மூன்றாவது முறையும் வரவில்லை. மஞ்சுளா எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவள், ஊர் உத்தனப்பள்ளி. பழைய கம்பெனியில் ஏதோ பயிற்சிக்கென்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மறுமாதம் அந்தத் தாள் ராஜினாமா கடிதமாக இருந்தது. இப்போது வேறு கம்பெனியில் ஒப்பந்த வேலை.

திரும்பும்போது குருபரப்பள்ளியில் நெரிசல். பேருந்து நாற்பது நிமிடம் நின்றது. நி.யின் திட்டத்தைப் படித்து முடித்தேன். விடியற்காலை, மூக்கண்டப்பள்ளி நிறுத்தம், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள். பாட்டு முழுவதும் அவ்வளவே. நல்ல கருத்து. ஆனால்:

— பெண்கள் எத்தனை பேர்? இல்லை.
— நேரம் "விடியும்போது". மணி?
— மழை, பஸ் தாமதம்: மாற்று ஏற்பாடு இல்லை.
— பத்தி 2: "ஏறுமுன் ஒவ்வொருத்தியும் ஒருமுறை வந்த தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள்." ஓரத்தில் எழுதினேன்: ஒவ்வொருத்தியுமா? எண்ணினாயா?
— முகத்தைக் காட்ட அவர்கள் சம்மதம்? பெருங்குறை.

வீட்டுக்கு வந்ததும் ஒப்புதல் படிவம் தயாரித்தேன். ஏழு பத்திகள். பெயர், தேதி, இடம் காலியாக, பிறகு நிரப்பிக்கொள்ளலாம். 'இணைப்பு அ' என்று தலைப்பு. திட்டம் இரண்டு பக்கம், இணைப்பு மூன்று. ஒருவாறு திருப்தி.

பிப்ரவரி 11, புதன்

நி. ஐந்தேகாலுக்கே நிறுத்தத்துக்குப் போய் எண்ணி வந்திருக்கிறாள்.

"ஒம்பது பேரு மாமா. ஆறு பேரு திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு பேரு ஃபோன்ல. ஒருத்தங்க நின்னுக்கிட்டே தூங்கறாங்க."

அப்படியே எழுதச் சொன்னேன். பழைய வரியைவிட இது நன்றாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. படிவம் ஒன்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்பதும் கையொப்பமின்றித் திரும்பின.

நி. சொன்னது: தாளை நீட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி மற்றவளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இருவரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நேற்று இவளைப் பார்த்துக் கையாட்டியவர்கள். நி. அழவில்லை. வேறு குழுவில் இடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அழுதிருக்கலாம்.

மாலை, வழக்கின் நகல் வாங்க மஞ்சுளா வந்தாள். அந்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க எழுதுன பேப்பருன்னு பாப்பா சொல்லுச்சு சார். காலியா இருக்கற தாள்ல யாரு கேட்டாலும் கையெழுத்து போடாதன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் எல்லாத்துகிட்டயும் போடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு ஆண்டுத் தொழில். தேதியும் இடமும் காலி.

படம் எடுப்பதில் ஆட்சேபமா என்று கேட்டேன்.

"அதுக்கென்னாங்க. வாயால கேட்டா வாயால சொல்லிட்டுப் போறோம். கம்பெனி பேட்ஜ் மட்டும் தெரியக்கூடாது."

மாடி ஏறிப்போய், தவறு என்னுடையது என்று நி.யிடம் சொன்னேன். மஞ்சுளா சொன்னதையும் சொன்னேன். அவள் இணைப்பைப் பிரித்து எடுத்து என்னிடமே தந்துவிட்டு, திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள். ஷாட் 1: ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துப் பெயர் சொல்லி, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பேட்ஜ் திருப்பி மாட்டப்பட்டிருக்கும். பாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நான் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கொடுத்துவிட்டாள். எனக்குச் சேலத்தில் வாய்தா, தள்ளிவைப்பு. போக வர எட்டு மணி நேரம். வால்வு இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

திட்டம் ஏற்கப்பட்டது. நி. சொல்லவில்லை, மாடியில் குதித்த சத்தத்தில் அக்கா திட்டியது கேட்டது.

பிப்ரவரி 18, புதன்

5.20, நிறுத்தம். பனி. குடை பிடிக்க வந்தேன். கேமராவில் ஈரம் படக்கூடாதாம்.

"எம்பேரு மஞ்சுளா. எடுத்துக்க பாப்பா." அப்படியே எட்டு பேர். தூங்கிக்கொண்டே நிற்பவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது போதாது என்றேன். எழுப்பிக் கேட்டார்கள், சொன்னாள்.

"மாமா, ஓரத்துல நீங்களும் வர்றீங்க. சொல்லணும்."

எங்கே காட்டுவாய், எத்தனை நாள் வைத்திருப்பாய் என்று கேட்டேன்.

"பஸ்ஸு வருது சார், பேரச் சொல்லுங்க," என்றாள் மஞ்சுளா.

சொன்னேன். தகப்பனார் பெயர், வயது, வசிக்கும் இடம் உட்பட. பாதிக்கு மேல் வெட்டிவிடப் போவதாக நி. சொல்கிறாள். ஆட்சேபணை இல்லை.