செடி வெட்டும் மெஷின் விஷயமாக

மேலகரம், தென்காசி

அன்பு மகன் மாரிராஜுக்கு, அப்பா நம்பிராஜன் எழுதுவது. இங்கு எல்லாரும் இருக்கிறோம், நீ வேலை பார்க்கும் அந்தக் குளிர் ஊரில் உனக்கு ஒரு குறையும் வராமல் குற்றாலநாதர் பார்த்துக்கொள்ளட்டும். என் வலது கையில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல அனுசியா எழுதுகிறாள். சாரல் தொடங்கி, நான் தோட்டம் பார்க்கும் லாட்ஜ் நிறைந்துவிட்டது. அங்கே வேலிச்செடி வெட்டும் மெஷினில் கட்டுக்கம்பி சிக்கிப் பல் இறுகிக்கொண்டது, மேனேஜர் அறியாமல் சரிசெய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதில்தான் இரண்டு விரல் நுனி போனது. நீ ஃபோனில் சொன்னது சரி, அன்றைக்குக் குடித்திருந்தேன், இரண்டு வருஷம் விட்டதைத் திரும்பத் தொட்டது என் புத்திகெட்டதனம். கோபத்தை விட்டு ஃபோனை எடு. உன் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. ஈரச் சாக்ஸோடு படுக்காதே. நன்றாக இரு. அப்பா.

அண்ணா, இதற்குக் கீழே உள்ளது அப்பாவுக்குத் தெரியாது. எல்லாரும் தூங்கியபிறகு உறையைப் பிரித்து எழுதுகிறேன். அப்பா குடிக்கவில்லை. அந்த மெஷினை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால்தான் ஓடும். ஸ்டூலில் ஏறி ஒரு கையால் வெட்டுவதற்காக அப்பா முன்பிடி சுவிட்சை சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியிருந்தார், தோட்ட வேலைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். வீட்டில் பேட்டரியைக் கழற்றி வைத்து, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, குறட்டால் கம்பியை எடுத்தார், பல்லிடுக்கில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். பேட்டரிய எடுத்துட்டு வாட்டி என்றார். நான் பெரிய மெக்கானிக் மாதிரி மாட்டியே விட்டேன், தூக்கிப் பிடித்த என் கை பின் சுவிட்சை அழுத்திவிட்டது, முன்பிடிக் கட்டை அவிழ்க்காததால் மெஷின் ஓடிவிட்டது. அப்பாவின் விரல் பல்லுக்குள் இருந்தது. ரத்தம் கொட்டும்போதே, ஏட்டி உள்ள போ, நீ இங்கன இல்லவே இல்ல, அப்பன் கைய வெட்டுனவ இவதான்னு பொண்ணு பாக்க வாறவன் வரைக்கும் பேசுவானுவ என்றார். வந்தவர்களிடமெல்லாம் தான் குடித்திருந்ததாகச் சொல்லிவிட்டார். ஆவுடையம்மாள் அத்தை வந்து மோந்து பார்த்து, இப்பம்லாம் மண்ணெண்ணெயத்தான் குடிக்கானோ என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தாள். நீயும் ஸ்பீக்கரில், குடிகாரக் கை ஆடத்தான செய்யும், எனக்கு அப்பனே இல்ல என்று கத்தினாய். அப்பா, ஆமாலே, தப்புதான் என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேலும் கோபம்தான், எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மா தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள், அப்பா இடது கையால் சாப்பிடுகிறார், நான் ரெகார்ட் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறேன். மூன்று நாளாக அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அடுப்படி வாசல்வரை போய்ச் சொல்லாமல் திரும்புகிறேன். நீ முதலில் அப்பாவைக் கூப்பிடு, பிறகு என்னைத் திட்டு. அம்மா எடுத்தால், அனுசியாகிட்ட கேளும்மா என்று மட்டும் சொல், மறந்துவிடாதே. கேட்டால் சொல்லிவிடுவேன். சாமி உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
அனுசியா