தொடையும் கடலணையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சுதா? மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல, அசதி மட்டும்தான் விடமாட்டேங்குது.

நேத்து முதியோர் இல்லத்துல ஒரு கூத்து. கூட வேலை பார்க்கிற யாகோமின் எழுதி வச்ச குறிப்பை சாப்பாட்டுக் கூடத்துல நின்னு சத்தமா வாசிச்சேன். ஒரு தாத்தாவுக்கு டச்சுல 'டைக்ராம்ப்'னு சேர்த்து எழுதியிருந்தா. டை-க்ராம்ப்னு பிரிச்சா தொடைப் பிடிப்பு. நான் தூக்கக் கலக்கத்துல டைக்-ராம்ப்னு பிரிச்சிட்டேன். கடலணை உடைஞ்ச பேரழிவுன்னு ஆயிடுச்சு! அதுவும் இந்தச் சேலாந்துக் கடலோரத்துல, 1953ல அணை உடைஞ்சு வந்த வெள்ளத்தைக் கண்ணால பார்த்தவங்க நடுவுல.

சூப் குடிச்சிட்டிருந்த கிளோஸ்டர்மன் கிழவி கரண்டியைப் போட்டுட்டு, நடைவண்டியையும் விட்டுட்டு, கைப்பிடியைப் பிடிச்சு மாடி ஏறிட்டாங்க. யாகோமினுக்குச் சிரிப்பு தாங்கல. "சொல்லை எங்க வெட்டணும்னு உங்க ஊர் சூரினாம்ல சொல்லித் தரலையாடி?"

நான் மேல போய் அவங்க பக்கத்துல உட்கார்ந்தேன். "தொடைப் பிடிப்புதாங்க, தண்ணி வரல"ன்னேன். காதுலயே வாங்கல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்கம்மா மேல ஏறிட்டாளாடி?"ன்னு கேட்டாங்க.

"ஏறிட்டாங்க"ன்னேன். அப்புறம்தான் கீழ வந்தாங்க.

காய்ஞ்ச இறால் கொஞ்சம் அனுப்புங்க, இங்க கிடைக்கிறதுல வாசனையே இல்ல. அங்க மழை ஆரம்பிச்சிருக்கும். தெருவுல தண்ணி நின்னா தனியா கீழ இருக்காதீங்கம்மா, மாடி வீட்டுக்குப் போயிடுங்க. ஏறிட்டீங்கன்னு அந்தக் கிழவிகிட்ட சொல்லிட்டேன்.

பஸ் வந்துடுச்சு.

லுசெண்டா